சுவர்களில் தேடிய பத்தொன்பது எழுத்துகள்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நாலடி வைத்திருப்பேன், யாரோ “ஏட்டி கோமதி” என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன். என்னோடு சேர்ந்து இன்னும் மூன்று பெண்கள் திரும்பினார்கள். அம்மன் பெயரே கோமதி என்பதால் இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு. இருபது வருடம் சிங்கப்பூரில் இருந்ததில் அது மறந்துபோயிருந்தது. அங்கே என் அலுவலகத்தில் நான் ஒருத்திதான் கோமதி; அதையும் பாதியாக வெட்டி ‘கோ’ ஆக்கிவிட்டார்கள்.

கூப்பிட்டது என்னை இல்லை. என்னைக் கூப்பிட வேண்டியவள் ஐந்து வாரமாக என் போனை எடுக்கவில்லை. அவளைப் பார்க்கத்தான் நாலு நாள் லீவு போட்டு வந்திருந்தேன்.

ஜெபமணியும் நானும் இருபத்து மூன்று வயதில் ரத வீதிப் பக்கம் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தோம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது, மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவோம். அப்படி ஈ ஓட்டிய ஒரு மார்கழியில்தான் எழுத்து வரைய ஆரம்பித்தோம். கல்யாணப் பத்திரிகைக்கு நான் ஒரு மெல்லிய எழுத்து வரைந்தேன். போஸ்டருக்கு அவள் ஒரு தடித்த எழுத்து வரைந்தாள். பெயர் வைக்கத் தெரியாமல் மெலிந்ததற்குக் ‘கோமதி’ என்றும் தடித்ததற்கு ‘ஜெபா’ என்றும் வைத்துவிட்டோம். உண்மையில் அப்போது நான்தான் குண்டு, அவள் ஒல்லி.

கல்யாணமாகி நான் சிங்கப்பூர் போனேன். அங்கே எழுத்துரு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஜெபா அந்த டிடிபி சென்டரையே விலைக்கு வாங்கி நடத்த ஆரம்பித்தாள். நான் இருபது வருடம் மற்றவர்கள் கேட்ட எழுத்தை வரைந்துகொண்டிருந்தேன். அவள் இருபது வருடம் தன் எழுத்தையே இந்தத் தாலுகா முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தாள். யார் கொடுத்துவைத்தவள் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

போன வருடம் எனக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் இரண்டு எழுத்தையும் சேர்த்து என் கம்பெனி மூலம் ஒரே வேரியபிள் ஃபான்ட்டாக வெளியிட வேண்டும். அது வேறொன்றுமில்லை. ஒரே கோப்புக்குள் மெலிந்த எழுத்து ஓர் எல்லை, தடித்த எழுத்து இன்னோர் எல்லை. நடுவில் ஒரு ஸ்லைடர். அதை இழுத்தால் எழுத்து மெல்லச் சதை போடும். எழுத்தின் ஓரக்கோட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் மெலிந்த இடத்திலிருந்து தடித்த இடத்துக்கு நடந்து போவதுதான் சூட்சுமம். அதற்கு இரண்டு பக்கமும் புள்ளிக் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே ‘அ’வுக்கு முப்பது புள்ளி என்றால் அங்கேயும் முப்பது. ஒன்று கூடினாலும் மென்பொருள் சிவப்பு காட்டிவிடும்.

ஜெபாவின் எழுத்தில் புள்ளிகள் கூடுதலாக இருந்தன. கோடும் கோடும் சேரும் மூலைகளில் எல்லாம் சின்னச் சின்னதாக ஒரு வெட்டு. அந்த மார்கழியில் நாங்கள் வரைந்தபோது அவை இல்லை. அன்றைய எழுத்து எனக்கு மனப்பாடம். பழைய கோப்பைப் புதிய மென்பொருளில் திறந்ததில் வந்த கோளாறு என்று நானே முடிவு கட்டினேன். ஒரு சனி ஞாயிறு உட்கார்ந்து அத்தனை வெட்டுகளையும் வழித்து எடுத்து, எழுத்தை அன்று இருந்தபடிக்கே கொண்டுவந்தேன். பழைய ஃபோட்டோவைத் துடைத்து வைத்த மாதிரி மனசெல்லாம் குளிர்ந்தது. ஜெபாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோடு விட்டேனா? இணையத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவாக வைத்திருந்த கோப்பின் மேலேயே சேமித்தேன். புது ஃபான்ட் ஒன்றை எடுத்து, போட்டுப் பார் என்று அவளுக்கும் அனுப்பினேன். பழையதை மாற்றிவிடவா என்று அவளுடைய கம்ப்யூட்டர் கேட்க, அவள் என்னை நம்பி ஆமாம் என்று அழுத்திவிட்டாள். பொதுக் கோப்பின் பழைய பிரதிகள் ஒரு மாதம்தான் இருக்கும். அவளுக்கு விஷயம் தெரிந்தபோது அந்த ஒரு மாதம் தாண்டியிருந்தது. எழுத்துதான் தொழில் என்று இருபது வருடம் சோறு தின்றவள் செய்கிற காரியமா இது?

முதல் நாள் காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போனேன். ஜெபா கவுண்டருக்குப் பின்னால் இருந்தாள். இப்போது அவள் குண்டு, நான் ஒல்லி. எதிரே பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகைக்கு வந்த ஒரு குடும்பம், தாய்மாமன்களின் பெயர் வரிசைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பெரிய மாமன் பெயர் மேலே வர வேண்டும், சின்ன மாமன்தான் சீர் கூடச் செய்கிறான். ஜெபா இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டுப் பஞ்சாயத்தை முடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வா. சாப்டியா?”

“பிளேன்ல குடுத்தான்.”

“அது சாப்பாடா?” என்று சொல்லிவிட்டு டீக்கு ஆள் அனுப்பினாள். அவ்வளவுதான். டீ வந்தது. சிங்கப்பூரில் அரைப்படி கிளாஸில் கோப்பி குடித்துப் பழகிய எனக்கு அந்தச் சின்ன கிளாஸ் இரண்டு மடக்குக்கு வந்தது. நான் குடித்து முடித்ததும் அவள் மேஜை டிராயரிலிருந்து நாலாக மடித்த ஒரு போஸ்டரை எடுத்து விரித்தாள்.

கண்ணீர் அஞ்சலி. சிவகிரியில் இறந்துபோன ஒரு பெரியவர். படம் நன்றாக இருந்தது, பெரியவரின் பெயரும் தெளிவாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில் பிள்ளைகளின் பெயர்கள். மகன்கள் முருகன், செல்வம். அதற்கடுத்து மகள் என்று போட்டு, ஒரு கறுப்புக் கட்டி. உற்றுப் பார்த்தால்தான் அது ‘இந்திராணி’ என்று தெரியும்.

“மை அடைச்சுக்கிட்டு,” என்றாள் ஜெபா. “சாவு போஸ்டருக்கு மட்டமான பேப்பர்தான் போடுவான். ரெண்டு மணி நேரத்துல அடிச்சு ஒட்டணும். மை பரவும். அதுக்குத்தான் மூலைக்கு மூல வெட்டி விட்டிருந்தேன். மடைன்னு சொல்லுவேன் நான். மை அதுல போய் நின்னுக்கிடும், எழுத்து முழிச்சிக்கிட்டு இருக்கும். நீ மடைய அடைச்சிட்ட.”

நான் அந்தக் கறுப்புக் கட்டியை விரலால் தடவிப் பார்த்தேன்.

“இது ஒன்னும் ஒருநாள்ல வெட்டுனது இல்ல கேட்டியா. எந்த எழுத்து அடைக்குதோ அதக் கொஞ்சம் வெட்டுவேன். அடுத்த போஸ்டர்ல பாப்பேன். பத்தலன்னா இன்னும் கொஞ்சம். இருவது வருசம் வெட்டுனது. திருப்பி வெட்டச் சொன்னா எனக்கே அளவு தெரியாது.”

சாரி என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பழைய போஸ்டர் ஃபைல் எல்லாம் எங்கட்டி இருக்கு?” என்றேன். வேலைக்காரப் புத்தி. ஜெபா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “என் எழுத்த மொத எனக்குக் கொண்டாந்து குடு. பொறவு பேசுவோம்,” என்று சொல்லிவிட்டு இரண்டாவது கம்ப்யூட்டரைக் கைகாட்டினாள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது சில கோப்புகளில் எழுத்தை வெறும் கோடாக மாற்றி அனுப்புவார்கள். அந்தக் கோப்புகளுக்கு ஃபான்ட் மாறினாலும் பாதிப்பில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்து அவற்றிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கிள்ளி எடுத்தேன். கோவில் கொடைத் திருவிழா போஸ்டர், கபடிப் போட்டி போஸ்டர், நன்றி அறிவிப்பு. ‘க’ கிடைத்தது, ‘ண’ கிடைத்தது, அந்த ‘இ’யும் கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு மடையும் ஒவ்வொரு ஆழம். ‘ண’வின் மூன்று சுழிக்கும் மூன்று அளவு. இதைப் போய்க் கோளாறு என்று நினைத்திருக்கிறேன்.

கடை சாத்தும்போது பத்தொன்பது எழுத்துகள் பாக்கி. எல்லாம் அடிக்கடி வராத எழுத்துகள். ‘ஔ’, ‘ளூ’, ‘ழூ’, ‘ணூ’, ‘ஞூ’ மாதிரியானவை. “அதெல்லாம் செவத்துல கெடக்கும், போய்ப் பாரு,” என்றாள் ஜெபா. கிண்டலாகச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா தெரியவில்லை. நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரிலிருந்து என் மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர், சீனர். “திங்கட்கிழமை கோப்பு வேண்டும் கோ. உன் தோழி தரவில்லை என்றால் தடித்த எழுத்தை நீயே வரைந்துவிடு. உனக்கு மூன்று நாள் ஆகுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூன்று நாள்கூட ஆகாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் போனையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சுவர் பார்க்கக் கிளம்பினேன். சிங்கப்பூரில் சுவரில் ஒரு துண்டுத் தாள் ஒட்டிவிட முடியாது. அதனால் அங்கே சுவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே ஒரு சுவர் முன்னால் பத்து நிமிடம் நின்றால் தெருவில் யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கருமாதி, யார் கட்சி மாறினார் எல்லாம் தெரிந்துவிடுகிறது. பூ மார்க்கெட் பக்கம் ‘ஜூ’ கிடைத்தது, ஜூஸ் கடையின் திறப்பு விழா. மாதா கோவில் திருவிழா போஸ்டரில் ‘லூ’, ஒரு லூர்து மேரியின் உபயம். சித்த வைத்தியசாலைச் சுவரில் ‘ஔ’ இருந்தது. ஔஷதம் என்று போட்டிருந்தார்கள். தறி ஓடும் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்த ஒரு தெருவில் ‘யூ’, யூனியன் கூட்டத்துக்கு.

எல்லாவற்றிலும் ஜெபாவின் எழுத்து. அந்த மார்கழியில் நாங்கள் வரைந்தபோது இது இத்தனை சுவர் ஏறும் என்று யார் நினைத்தது? அப்போது ‘ஜெபா’வில் அடித்த முதல் போஸ்டரைப் பார்க்க இரண்டு பேரும் இதே தெருவில் நடந்து வந்தோம். பசை காய்வதற்குள் ஒரு ஆடு அதில் பாதியைத் தின்றுவிட்டது. சிரித்துச் சிரித்து ஜெபாவுக்கு விக்கல் வந்து, ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். அந்த வீடு இப்போது செல்போன் கடை.

மத்தியானம் பனவடலிசத்திரம் பஸ் ஏறினேன். ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது டயர் வெடித்தது. சிங்கப்பூரில் பஸ் இரண்டு நிமிடம் தாமதித்தால் பலகையில் மன்னிப்பு ஓடும். இங்கே கண்டக்டர், “நடக்கவங்க நடங்க, இருக்கவங்க இருங்க,” என்று சொல்லிவிட்டு ஜாக்கியைத் தேடப் போனார். பாதிப் பேர் நடந்தோம். அதனால்தான் பம்ப் செட் சுவரில் இருந்த அந்தக் கொடை போஸ்டர் கண்ணில் பட்டது. ‘பெங்களூர் வாழ் இளைஞர்கள்’. என் ‘ளூ’!

நான் சுவரை ஒட்டி நின்று நேராக, சாய்வாக, பக்கத்தில் என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வயலிலிருந்து வந்த ஓர் அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தினார்.

“எந்தக் கட்சிக்குச் சர்வே எடுக்கிய?”

“கட்சி இல்ல அண்ணாச்சி. எழுத்து பாக்கேன்.”

“எழுத்தா? வாசிக்கத் தெரியாதோ?”

விளக்கிச் சொன்னேன். போஸ்டரில் இருக்கிற எழுத்தைப் படம் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் அடியில் வைத்து, அதன் மேல் புள்ளி வைத்துத் திரும்ப வரைய வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “இந்த ஒரு எழுத்துக்கா இம்புட்டு தூரம் வந்திய?” என்றார். பிறகு, “எங்க தெருவுல நெறைய எழுத்து இருக்கு, வாங்க,” என்று கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு கிடைத்தன. அவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட அந்த மோருக்கு நான் இன்னொரு டயர் வெடித்தாலும் சம்மதம் என்றேன்.

சாயங்காலம் கடையில் பதினோரு எழுத்துகளை ஜெபாவின் மேஜையில் அச்செடுத்து வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ‘ளூ’வைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது. “இந்தக் கொடைக்கு மழ பெஞ்சு நாறிப்போச்சு. போஸ்டர் ரெண்டு தடவ அடிச்சேன்,” என்றாள். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, “நாளைக்கு ராயகிரி போணும். நீயும் வா,” என்றாள்.

“ராயகிரில எழுத்து இருக்கா?”

“எழுத்து இல்ல. இந்திராணி இருக்கா.”

மூன்றாம் நாள் ஜெபாவின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மேற்கே மலை கூடவே வந்தது. நாற்று நட்ட வயலும் எலுமிச்சைத் தோட்டமும் மாறி மாறி. இந்த ரோட்டில் முன்பு இதேபோல் அவள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து பத்திரிகைக் கட்டுகளை டெலிவரி கொடுக்கப் போவோம். அப்போது வழியெல்லாம் பேசுவோம். இப்போது ஹெல்மெட் போட்ட அவள் தலையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு போனேன். சிவகிரியில் ஸ்கூட்டர் பாதியில் நின்றது. பிளக்கைத் துடைத்து ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில் எதிர்ச் சுவரில் ‘கீழூர் பொதுமக்கள்’ என்று இருந்தது. ‘ழூ’ கிடைத்துவிட்டது என்று கத்தினேன். “ஊருக்கே கேக்கட்டும்,” என்றாள் ஜெபா, உதட்டைக் கடித்துக்கொண்டு.

வழியில் விஷயத்தையும் சொன்னாள். அண்ணன் தங்கைக்குள் ஏற்கெனவே வீட்டுப் பாகத்தில் ஒரு மனஸ்தாபம். அப்பா போஸ்டரில் தன் பெயர் மட்டும் கறுப்பாகக் கிடந்ததும், அண்ணன்கள் சொல்லி வேண்டுமென்றே மை பூசி அடித்திருக்கிறார்கள் என்று இந்திராணி நினைத்துவிட்டாள். சாவு வீட்டில் யாருக்கும் எதுவும் தப்பாகத்தான் படும். பதினாறாம் நாளுக்குப் போகவில்லை. ஜெபா நேரில் போய்ச் சொல்லியும் நம்பவில்லை. அண்ணன்கள் பக்கம் பேச வந்தாய் என்று அனுப்பிவிட்டாள்.

சிங்கப்பூரில் பதினாலாவது மாடியில், ஏசி அறையில், பழைய ஞாபகத்தில் சந்தோஷமாக நான் அழித்த நாலு புள்ளி ஒரு பெண்ணை அப்பாவின் காரியத்துக்குப் போகவிடாமல் செய்திருக்கிறது.

இந்திராணிக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜெபாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. நான் முந்திக்கொண்டேன்.

“யக்கா, தப்பு அண்ணம்மார் மேல இல்ல, இவ மேலயும் இல்ல. நான் செஞ்சது. மன்னிச்சிருங்க.”

லேப்டாப்பைத் திறந்து அவள் பெயரைப் பெரிதாகக் காட்டினேன். மடை வெட்டிய ‘இ’, மடை அடைத்த ‘இ’. முந்தின சாயங்காலம் ஜெபா அதே மட்டப் பேப்பரில் இரண்டு விதமாகவும் அடித்து வைத்திருந்த தாள்களையும் நீட்டினேன். ஒன்றில் இந்திராணி தெளிவாக இருந்தாள், இன்னொன்றில் கறுப்புக் கட்டி. “முருகன், செல்வம்னு அவங்க பேருல சுழி கொறச்சல், தப்பிச்சிட்டாங்க. உங்க பேருல ‘இ’யும் ‘ணி’யும் வருதுல்லா, ரெண்டும் அடச்சிக்கிட்டு. வேற யாரு பேருல வந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்.”

இந்திராணி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப அவனுக சொல்லிச் செய்யலியா?”

“அவங்களுக்குத் தெரியவே தெரியாதுக்கா.”

“எங்கயோ இருந்துக்கிட்டு எங்கப்பாக்கு மக இல்லாம ஆக்கிட்டியேம்மா,” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெளிவாக இருந்த தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போன் பேசும் சத்தம் கேட்டது. “முருகண்ணே, நாந்தான்...” அதற்குமேல் கேட்க எங்களுக்கு யோக்யதை இல்லை என்று தெருவுக்கு வந்துவிட்டோம்.

திரும்பும்போது மூன்று மணி. சங்கரன்கோவில் வந்து மட்டன் பிரியாணி சாப்பிட்டோம். சிங்கப்பூரில் பிரியாணி என்று எத்தனையோ வகை கிடைக்கிறது. ஒன்றும் இதன் பக்கத்தில் நிற்காது. சின்ன அரிசி, பஞ்சு மாதிரி கறி, இலையில் கொட்டும்போதே மணக்கும். ஜெபா தன் இலையிலிருந்து ஒரு எலும்புத் துண்டை எடுத்து என் இலையில் வைத்தாள். எனக்கு எலும்புதான் பிடிக்கும் என்று இந்த உலகத்தில் ஞாபகம் வைத்திருக்கிறவள் அவள் ஒருத்தி. நான் நிமிர்ந்து பார்த்ததும், “பேசிட்டோம்னு நெனச்சிராத. பசிச்சிச்சு, வந்தேன்,” என்றாள்.

நான்காம் நாள், சனிக்கிழமை. முந்தின நாள் ராயகிரிப் பாதையிலும் சாயங்காலம் ஊர்ச் சுவர்களிலும் கிடைத்ததோடு பதினெட்டு எழுத்துகள் சேர்ந்துவிட்டன. பாக்கி ‘ஞூ’. “அது எந்தச் செவத்துலயும் இருக்காது,” என்றாள் ஜெபா. “இருவது வருசத்துல ஒரு மனுசனுக்கு அது தேவப்படல. தள்ளு.” என்னை நாற்காலியோடு நகர்த்திவிட்டு அவளே உட்கார்ந்தாள். ‘ஞு’வை எடுத்துவைத்து, கால் சேரும் இடத்தில் இரண்டு புள்ளி, உள்ளே இழுத்து ஒரு புள்ளி. கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒரு இம்மி வெளியே தள்ளினாள். அளவு தெரியாது என்று சொன்னவள் கை, அளவைத் தெரிந்து வைத்திருந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அதற்கப்புறம் என் வேலை. புள்ளிக் கணக்கு சரியாக வேண்டுமே. அவள் எழுத்தில் குறைக்காமல் என் மெல்லிய எழுத்தில் கூட்டினேன். அவளுடைய ஒவ்வொரு மடைக்கும் என் கோட்டின் மேல் மூன்று புள்ளி, சும்மா படுத்துக் கிடக்கும்படி. மெலிந்திருக்கும்வரை அவை இருப்பதே தெரியாது. எழுத்து தடிக்கத் தடிக்க மெல்ல வாய் திறக்கும். முதலிலேயே இதைத்தான் செய்திருக்க வேண்டும். என் எழுத்துதான் சரி, அவளுடையது கோளாறு என்று ஏன் முடிவு செய்தேன்? அந்தக் கேள்விக்கு நாலு நாளாக நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன், ஒரு பதிலும் எனக்குப் பெருமை சேர்க்கவில்லை.

மத்தியானம் வரை இரண்டு கம்ப்யூட்டரிலும் ஆளுக்குப் பாதியாகச் செய்தோம். நடுவில் இரண்டு கல்யாணப் பத்திரிகை, ஒரு கடைத் திறப்பு விழா வந்து போயின. மூன்று மணிக்கு ஸ்லைடரை இழுத்தேன். ‘கோமதி’ மெல்லச் சதை போட்டு ‘ஜெபா’வாக ஆனது. சிவப்பு ஒன்றுகூட இல்லை. நடுவில் நிறுத்தினால் இரண்டு பேரும் வரையாத ஒரு எழுத்து, பத்திரிகைக்கும் ஆகும், போஸ்டருக்கும் ஆகும். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ஜெபா தட்டவில்லை. மவுஸை என் கையிலிருந்து வாங்கினாள்.

என் மெல்லிய ‘அ’வைத் திறந்தாள். அதன் அடியில் ஒரு நீண்ட வளைவு உண்டு. அந்த மார்கழியில் நான் ஒன்பது நாள் போராடிக் கொண்டுவந்த வளைவு. இன்றுவரை நான் வரைந்ததில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஜெபா அதன் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தாள். வளைவு சுருங்கிச் சுருங்கி ஒரு மொட்டைக் கோடாக நின்றது. என் கை தானாக எழுந்தது. அடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

“இப்படி இருந்தா நல்லாத்தான இருக்கு? சுத்தமா இருக்கு,” என்றாள். கை சேமிக்கிற கட்டளைக்குப் போய் நின்றது. “சேவ் பண்ணிரட்டா?”

மடியில் வைத்த கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“வலிக்கா?”

“வலிக்கு.”

“எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

கவுண்டரில் யாரோ வந்து நின்று, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள். “தப்புதான் ஜெபா,” என்றேன். “எனக்கு அந்தப் பழைய எழுத்துதான் வேணும்னு இருந்துச்சு. நாம ரெண்டு பேரும் இருந்த அந்தக் காலம் வேணும்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் நீ இருவது வருசம் என்ன செஞ்சேன்னு நான் பாக்கவே இல்ல. கேக்கவும் இல்ல. என்ன மன்னிச்சிரு.”

ஜெபா கையை எடுத்து, செய்ததைத் திரும்பப் பெறும் கட்டளையை ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்திக்கொண்டே போனாள். புள்ளி புள்ளியாக என் வளைவு திரும்பி வந்தது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“முன்னபின்ன பாத்திராத ராயகிரிக்காரிட்ட வாசல்ல நின்ன ஒடனே சொல்லிட்ட. எனக்குச் சொல்ல உனக்கு நாலு நாளு செவரு செவராத் திரிய வேண்டியிருக்கு,” என்றாள். “சரி, உன் ஆபீசுக்கு அனுப்பு.”